மூவலூரிலிருந்து மணலூர் வரை: பெரியம்மாவோடு ஆறு நாள்

பிப்ரவரி 8, 2025, சனி: கும்பகோணம், திருவையாறு

கோவையில் எங்கள் தெருவில் துணி தேய்த்துக் கொடுப்பவரின் மகள் போன வருடம் கல்லூரியில் சேர்ந்தாள். மாதம் 1,000 ரூபாய் வரும் புதுமைப்பெண் திட்டத்துக்கு விவரம் நிரப்ப என்னிடம் வந்தாள். மேலே முழுப்பெயர் இருந்தது: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். "மூவலூர்னா எங்கக்கா இருக்கு? இந்த அம்மா யாரு?" என்று கேட்டாள். மாயவரம் பக்கம் என்றேன். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர் என்றேன். அதோடு நின்றுவிட்டது. கும்பகோணத்தில் பிறந்து பதினெட்டு வயது வரை அங்கேயே வளர்ந்தவள் நான். மூவலூரைக் கடந்து எத்தனை முறை பஸ்ஸில் போயிருப்பேன்! அந்தக் கேள்வி ஆறு மாதம் மனசிலேயே கிடந்தது. அதனால்தான் இந்தப் பயணம்.

விடிகாலை ஐந்தே முக்காலுக்குப் பெரியம்மா வீட்டு வாசலில் இறங்கினேன். நல்ல பனி. பெரியம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பித்தளைப் படியில் கோலமாவை வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். அறுபத்தொன்பது வயது. "ஓரமா வாடி, கோலத்த மிதிச்சுடாத" என்பதுதான் முதல் பேச்சு. என் திட்டத்தைக் கேட்டதும், "மூவலூரு, தில்லையாடி, வெண்மணி... ஒத்தையா எங்க சுத்துவ? நானும் வரேன். முட்டி வலிச்சா அங்கங்க உக்காந்துக்கறேன்" என்றார்.

பத்து மணிக்குத் திருவையாறு கிளம்பினோம். கபிஸ்தலம் தாண்டியதும் வலமும் இடமும் அறுப்பு. இயந்திரம் அறுத்துவிட்டுப் போன வயலில் உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. ஜனவரி மழையில் சாய்ந்த சம்பா இன்னும் சில இடங்களில் அப்படியே தரையோடு கிடந்தது. ரோட்டில் பாதியை அடைத்து நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். டிரைவர் ஒருமுறைகூட ஹாரன் அடித்து அவர்களைத் திட்டவில்லை. ஒதுங்கி ஒதுங்கியே ஓட்டினார்.

திருவையாற்றில் ஆராதனை முடிந்து மூன்று வாரமாகிவிட்டது. தியாகராஜர் சமாதியில் நாங்கள் இரண்டு பேர், ஒரு நாய், பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா. எதிரே கைகூப்பிச் சிலையாக உட்கார்ந்திருப்பவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், தேவதாசி குலத்தில் பிறந்த பாடகி. கவனிப்பாரற்றுக் கிடந்த சமாதி இது. தன் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கிக் கோயில் கட்டி 1926-இல் குடமுழுக்கு செய்தவர் அவர். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அவர் கட்டிய கோயிலில் அவரே பாடக் கூடாது! மறு வருடமே பெண்களைத் திரட்டிக் கோயிலின் பின்பக்கம் தனியாக ஆராதனை நடத்தினார். 1940-இல், தனித்தனியாக ஆராதனை நடத்திய எல்லாக் கோஷ்டியும் ஒன்றாயிற்று. இன்று டிவியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடுவதைப் பார்க்கிறோமே, அந்த இடம் இந்த அம்மாள் சண்டை போட்டு வாங்கியது.

தஞ்சாவூர் அரசவையில் இருந்த முத்துப்பழனி எழுதிய ராதிகா சாந்த்வனம் என்ற தெலுங்குக் காவியத்தை 1910-இல் முழுதாகப் பதிப்பித்ததும் இவர்தான். ஆபாசம் என்று வெள்ளைக்காரர் அரசு அதைத் தடை செய்தது. ஆண்கள் எழுதினால் சிருங்காரம், ஒரு தாசி எழுதினால் ஆபாசமா என்பது அவர் வாதம். தடை நீங்க 1947 ஆயிற்று.

இதே நாகரத்தினம்மாள்தான் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தபோது தேவதாசிகள் சங்கத்தின் முன்வரிசையில் நின்று அதை எதிர்த்தார். நாளைக்கு மறுநாள் பார்க்கப் போகும் இராமாமிர்தம் அம்மையார் அதே குலத்தில் வளர்ந்து, அந்தச் சட்டத்துக்காகவே அலைந்தவர். பெரியம்மாவிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் ஒரே காலமா? அப்ப யாரு சொன்னது சரி?" என்றார். இராமாமிர்தம் பக்கம்தான் நான். எட்டு வயதுப் பெண்ணுக்குப் பொட்டுக் கட்டிக் கோயிலுக்கு விடுவதை எந்த சங்கீதமும் நியாயப்படுத்தாது. ஆனாலும் நாகரத்தினம்மாள் பயந்தது வீண் பயமில்லை. சொத்து, கலை, தன் பெயரில் வாழும் உரிமை என அந்தப் பெண்களிடம் இருந்த கொஞ்சமும் சட்டத்தோடு சேர்ந்து போய்விடும் என்று அவர் பயந்தார். பலருக்கு அப்படித்தான் போயிற்று.

அசோகா அல்வா நூறு கிராம் வாங்கினோம். சூடாக, கையில் நெய் வழிய. பெரியம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. ஒரு விள்ளல்தான் என்று சொல்லி மூன்று விள்ளல் சாப்பிட்டார். ஆற்றில் நடுவே ஒரு கோடு தண்ணீர். ஜனவரி 28-இல் மேட்டூரை மூடுவது வழக்கம். இனி ஜூன் வரை இப்படித்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு: கும்பகோணம்

எங்கும் போகவில்லை. பெரியம்மாவுக்கு முட்டி வீங்கிவிட்டது. திண்ணையில் கால் நீட்டி நொச்சி இலை ஒத்தடம்.

பெரியம்மா ஒரு தடவை வார்டு மெம்பராக இருந்தவர். சின்ன வயதில் எனக்கு அது ஒரு செய்தியாகவே தெரிந்ததில்லை. இன்றுதான் உட்கார வைத்துக் கேட்டேன். 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று ஒதுக்கி நடந்த முதல் தேர்தல் அது. பெரியப்பாவைத்தான் நிற்கச் சொல்லி வந்தார்களாம். வார்டு பெண்கள் வார்டு என்று தெரிந்ததும், "அப்ப அண்ணிய நிறுத்துங்க, நீங்க பாத்துக்கலாம்" என்றார்களாம்.

"நோட்டீஸ்ல என் பேரே இல்லடி. இன்னார் மனைவின்னு போட்டு, அவரு போட்டோ பெரிசா. ஜெயிச்ச பொறவு மினிட் நோட்டு வீட்டுக்கு வரும். இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்பான். போட்டுக் குடுப்பேன். ஆறு மாசம் அப்படியே ஓடுச்சு."

"அப்பறம்?"

"ஒரு நாளு அடுப்புல கொழம்பு. வெளிய வச்சுட்டுப் போ, படிச்சுட்டுத்தான் போடுவேன்னுட்டேன். ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல. படிச்சா, வடக்குத் தெருவுக்கு அடிபைப்பு போட்டு முடிச்சாச்சுன்னு எழுதியிருக்கு. அங்க குழியே தோண்டல. நான் போடல. ரெண்டு நாளு பெரியப்பா எங்கிட்ட பேசல. மூணாம் நாளு குழி தோண்ட வந்துட்டானுவ."

அந்த அடிபம்பு இன்னும் இருக்கிறதாம். தண்ணீர்தான் கீழே போய்விட்டது.

2016-இல் தமிழ்நாட்டில் ஒதுக்கீடு பாதியாக உயர்ந்தது. 2019 கடைசியில் தஞ்சை, திருவாரூர், நாகை கிராமங்களில் எத்தனையோ பெண்கள் தலைவர்களாக வந்தார்கள். அவர்கள் காலம் போன மாதம் 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் வரும்வரை தனி அலுவலர்கள். "அஞ்சு வருஷத்துல ரெண்டு வருஷம் பயம் தெளியவே போயிடும். மூணாவது வருஷம்தான் வேலை தெரியும். அதுக்குள்ள எறக்கிடறாங்க" என்றார் பெரியம்மா.

ராத்திரி ரசமும் சுட்ட அப்பளமும்.

பிப்ரவரி 10, திங்கள்: மூவலூர், மயிலாடுதுறை

ஆடுதுறை, குத்தாலம் வழியாக மாயவரம் பஸ். குத்தாலத்தில் இறங்கி டவுன் பஸ்ஸுக்கு மாறினோம். முன்பக்கம் பிங்க் அடித்த பஸ்ஸைப் பார்த்தாலே பெரியம்மாவுக்கு ஒரு தெம்பு. ஏறியதும் கையை நீட்டி, "ரெண்டு மகளிர்" என்றார். காசில்லாத டிக்கெட். முன்பக்கம் முழுக்கப் பெண்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மடியில் கீரைக்கட்டோடு ஒரு பாட்டி. எங்களுக்கு இடம் கொடுக்க இரண்டு பெண்கள் எழுந்துவிட்டார்கள். நான் வேண்டாம் என்றதும் ஒருத்தி, "நிக்காதீங்க, அடுத்த ஸ்டாப்புல நாங்க எறங்கிடுவோம்" என்றாள். மூன்று ஸ்டாப் தள்ளித்தான் இறங்கினாள்.

மூவலூர் மாயவரத்துக்கு நாலு கிலோமீட்டர் முன்னால். அழகான பெயருள்ள சாமி: வழித்துணைநாதர். நாங்கள் போன நேரம் நடை சாத்தியிருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ 12 ரூபாய், வாழைக்காய் பஜ்ஜி 8.

இராமாமிர்தம் 1883-இல் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே, வறுமையில், பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் ஒரு தாசி வீட்டில் கொடுக்கப்பட்டார். வளர்ந்தது மூவலூர். பாட்டும் நாட்டியமும் கற்றுக் கோயிலுக்குப் போகவேண்டியவர், தனக்கு இசை கற்பித்த சுயம்புப் பிள்ளையைத் துணையாகத் தேர்ந்துகொண்டார். முதலில் காங்கிரஸ், கதர். பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியபோது இவரும் வெளியேறிச் சுயமரியாதை இயக்கம். பொட்டுக் கட்டும் வீடுகளுக்கே போய்ப் பேசுவார். 1936-இல் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்தவராக ஒரு நாவலே எழுதினார். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குள் பேசினார். இவர் தெருவில் பேசினார். அந்த வீட்டுப் பெண்களிடம் அம்மா, மகளே என்று உறவு சொல்லிப் பேச இவரால்தான் முடிந்தது. 1947-இல் சட்டம் வந்தது.

எனக்கு இவரிடம் பிடித்தது 1938. இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்குத் தமிழர் படை நடந்தது. பட்டுக்கோட்டை அழகிரிசாமி முன்னால் போக, நூறு பேர், 42 நாள். அந்த ஆண்களோடு 55 வயதில் இந்த அம்மாளும் நடந்தார். நவம்பரில் ஆறு வாரம் சிறை. பெரியம்மா தன் முட்டியைத் தடவிக்கொண்டே, "அம்பத்தஞ்சு வயசுலயா?" என்றார்.

டீக்கடைக்காரரிடம் பேரைச் சொன்னதும், "நம்ம ஊரு அம்மா" என்றார். பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்து பேசினார். அவருடைய தாத்தா காலத்துக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து சொன்னது வேறு. "எனக்கு அவங்க பேருலதான் கல்யாணத்துக்குப் பணம் வந்துச்சு. எம் மவளுக்கு இப்ப மாசம் ஆயிரம் வருது, காலேஜுக்கு."

ஒரே பெயரில் தாய்க்குக் கல்யாணப் பணம், மகளுக்குப் படிப்பு. 1989-இல் திருமண நிதியுதவியாகத் தொடங்கிய திட்டம் 2022-இல் உயர்கல்விக்கு மாறியது. அந்த மாற்றத்தை அப்போது குறை சொன்னவர்கள் உண்டு. ஏழை வீட்டில் கல்யாணச் செலவு எப்படிக் கழுத்தை நெரிக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்ன குறை அது. ஆனாலும் பத்து ரூபாய்க்குக் கைமாறிய ஒரு குழந்தையின் பெயர், ஒரு பெண்ணின் பாங்கிக் கணக்கில் மாதாமாதம் வருவதுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. கோவையில் கேட்டவளுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். வகுப்பில் இருந்தாள் போல, எடுக்கவில்லை. டீக்கடையைப் படம் எடுத்து அனுப்பினேன்.

டீக்கு அந்தம்மா காசு வாங்கவில்லை. பெஞ்சில் வைத்துவிட்டு வந்தோம்.

இரவு மாயவரத்தில் ஒரு லாட்ஜ், 900 ரூபாய். வெந்நீர் உண்டு என்றார்கள், இல்லை. கொசு நிறைய.

பிப்ரவரி 11, செவ்வாய்: தில்லையாடி, தரங்கம்பாடி

தைப்பூசம். பஸ்ஸில் மஞ்சள் துணியும் காவடியும். திருக்கடையூரில் இறங்கியபோது மாலையும் கழுத்துமாக அறுபதாம் கல்யாண ஜோடிகள் பத்துப் பதினைந்து. அங்கிருந்து தில்லையாடி நாலைந்து கிலோமீட்டர். ஆட்டோ 150 கேட்டார், 120 கொடுத்தோம். போய்ச் சேருவதற்குள் என் செருப்பு வார் அறுந்தது. மீதி நாள் முழுக்க ஊக்கு போட்டு இழுத்துக்கொண்டே நடந்தேன்.

தில்லையாடி சின்ன ஊர். தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை போன வள்ளியம்மை இந்த ஊரைப் பார்த்ததே இல்லை. 1898 பிப்ரவரி 22-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார். குடும்பத்தின் வேர்தான் இங்கே. 1913-இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்றார்கள். ஒப்பந்தம் முடிந்த கூலிகளுக்கு ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி வேறு. அதுவரை வீட்டுக்குள் இருந்த தமிழ்ப் பெண்கள் அப்போதுதான் தெருவுக்கு வந்தார்கள். உன் அம்மா உன் அப்பாவின் மனைவி இல்லை என்று சட்டம் சொன்னால் யார்தான் வீட்டில் இருப்பார்கள்? வள்ளியம்மை தாயோடு எல்லை தாண்டிக் கைதானார். மூன்று மாதக் கடுங்காவல். சிறையில் காய்ச்சல். உடம்பு தேயத் தேயவும் பாதியில் விடுதலை வேண்டாம் என்று மறுத்தார். வெளியே வந்த கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு நிறைந்த நாளிலேயே உயிர் போனது. மறு வருடம் இந்தியா திரும்பிய காந்தி இந்த ஊருக்கு வந்தார்.

நினைவு மண்டபத்தில் இருந்த பெண் எங்களுக்கு மின்விசிறி போட்டுவிட்டு, செம்பில் தண்ணீர் கொடுத்தார். பெரியம்மா படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "பதினாறு வயசுல எனக்குக் கல்யாணம் பேசிட்டாங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மதியம் தரங்கம்பாடி. கோட்டைக்குப் போகவில்லை. பெரியம்மா கடலில் கால் நனைக்கவேண்டும் என்றார். கரையோரக் கடையில் சாப்பாடு 100, வறுத்த சங்கரா மீன் ஒன்று 80. அலை பெரிதாக இருந்தது. கடைக்கார அக்கா, "கெழவியம்மாவ ஒத்தையில வுடாதீங்க, கையப் புடிச்சுக்கங்க" என்று கத்திக்கொண்டே ஓடி வந்து மறுகையைத் தானே பிடித்துக்கொண்டார். காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் சேர இருட்டிவிட்டது.

பிப்ரவரி 12, புதன்: கீழ்வெண்மணி

இந்த நாளை எழுதத்தான் நேரம் பிடித்தது.

காலையில் ஆறு மணிக்கு மூடுபனி. எதிரே வரும் லாரி தெரியவில்லை. கீழ்வேளூர் தாண்டி, தேவூர் வழியாகப் போனோம். வழி நெடுக நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டைகள், மூட்டைகளின் மேல் தார்ப்பாய், தார்ப்பாயின் மேல் ராத்திரி காவல் இருந்தவர்கள் போர்த்திய போர்வை. சன்னரகம் குவிண்டால் 2,450 ரூபாய். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். இந்தப் பனியில் நெல் எப்படிக் காயும்?

1968 டிசம்பர் 25. கூலியாகக் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டவர்கள், சங்கம் வைத்தவர்கள், செங்கொடியை இறக்க மறுத்தவர்கள். அடியாட்கள் வந்தபோது ஓட முடிந்த ஆண்கள் ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் ராமையாவின் குடிசைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கதவை வெளியே அடைத்துத் தீ வைத்தார்கள். 44 பேர். வழக்கில் நிலச்சொந்தக்காரர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அவ்வளவு வசதியான மனிதர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அதில் ஒரு காரணம். இதைப் பல வருடம் முன்பு படித்தபோது கோபம் வந்தது. இங்கே நின்று நினைத்தபோது கோபம் வரவில்லை, வயிற்றைப் பிசைந்தது.

நினைவிடத்தில் பெயர்களை வரிசையாகப் படித்தோம். பெரியம்மா விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். சில பெயர்களுக்குப் பக்கத்தில் உள்ள வயதைப் படித்து நிறுத்தினார்.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். எந்த ஊரு என்று கேட்டார். கும்பகோணம் என்றோம். "அந்தப் பக்கமும் பண்ணைதானே" என்றார். அவ்வளவுதான், குற்றம் சாட்டும் தொனி இல்லை. உட்காரச் சொல்லி உலக்கைப் பக்கம் இருந்த சாக்கைத் தட்டிப் போட்டார். நடவு, களையெடுப்பு, கதிர் அறுப்பு என்று தன் கைகளைக் காட்டினார். "இப்ப மிசினு வந்துட்டுது. நடவுக்கு மட்டும் கூப்பிடுவாக. நூறு நாளு வேலைக்கு 319 ரூவாங்கறாக, மூணு மாசமா வரல." பேச்சின் நடுவே, "அப்பல்லாம் படியில அளந்தாக. அளக்கற கையப் பாத்துக்கிட்டே நிப்போம்" என்றார்.

பஸ்ஸுக்குத் திரும்பும் வழியில் பெரியம்மா நின்றார். ஏரிக்கரை மாதிரி ஒரு மேடு. சுற்றிலும் யாரும் இல்லை.

"நம்ம வீட்டுலயும் ரெண்டு படி இருந்துச்சுடி."

எனக்குப் புரியவில்லை.

"குத்தகை நெல்லு வாங்க ஒண்ணு. கூலி அளக்க ஒண்ணு. பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும். எங்க மாமனாரு காலத்துலேந்து இருந்துச்சு. நான் வந்த புதுசுல மாத்தி எடுத்து அளந்துட்டேன். மாமியாரு கையத் தட்டி விட்டாங்க."

எங்கள் குடும்பத்தில் நிலம் இருந்தது தெரியும். ஐந்து வேலி, பிறகு மூன்று, பிறகு ஒன்றுமில்லை. நாங்கள் பெரிய மிராசு இல்லை, நல்லவர்கள், ஆட்களுக்குப் பொங்கலுக்கு வேட்டி புடவை கொடுப்போம் என்று கேட்டே வளர்ந்தேன். படிகளைப் பற்றி யாரும் சொன்னதில்லை. கள்ள மரக்கால் வேண்டாம், முத்திரை குத்திய மரக்காலில் கூலி அள என்பது நாற்பதுகளிலேயே கீழத்தஞ்சையில் பண்ணையாட்கள் வைத்த கோரிக்கை. புத்தகத்தில் அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறேன். அது எங்கள் வீட்டுப் படியைப் பற்றி என்று தோன்றியதே இல்லை.

பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரைத் தேற்றுவதற்கா, என்னையா, தெரியவில்லை. ரெண்டு பேரும் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம்.

மதியம் கூத்தூர்ப் பக்கம். வெண்மணிச் செய்தி கேட்டுத்தான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் இந்த மாவட்டத்துக்கு வந்தார்கள். கிருஷ்ணம்மாள் திண்டுக்கல் பக்கம் ஒரு ஏழை தலித் குடும்பத்தில் 1926-இல் பிறந்தவர். படித்துப் பட்டம் வாங்கியவர், வினோபாவின் பூதானம் என்ற நிலக்கொடை இயக்கத்தில் நடந்தவர். வலிவலத்தில் கோயில் நிலத்துக்காகச் சத்தியாகிரகம். 1981-இல் லாப்டி என்ற உழுபவர் நில உரிமை இயக்கம். அவர் வழி எளிமையானது, ஆனால் யாருக்கும் எளிதாகத் தோன்றாதது. நிலக்காரர்களிடம் போய் உட்கார்ந்து பேசுவார். விலை படியவைப்பார். பாங்கிலும் அரசிடமும் கடன் வாங்குவார். குடும்பத்துக்கு ஒரு ஏக்கர், பத்திரம் பெண்ணின் பெயரில். இப்படிக் கைமாறியது சுமார் 13,000 ஏக்கர். தொண்ணூறுகளில் கடலோர இறால் பண்ணைகள் வயலை உப்பாக்கியபோது பெண்களைத் திரட்டி மறித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996 டிசம்பரில் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

அப்படி நிலம் வந்த ஒரு அக்காவின் வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. வயல்நண்டு ரசம், கருவாட்டுத் தொக்கு, சோறு. நாங்கள் எந்த வீடு, என்ன சாதி என்று அவர் கேட்கவில்லை. பெரியம்மா இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். பிறகு அந்த அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் இருந்த பட்டாவைக் கொண்டுவந்து காட்டினார். "எங்க மாமனாரு, அவரு அப்பாரு யாரு பேருலயும் ஒரு குழி கெடையாது. மொதப் பேரே எம் பேருதான்." கஜா புயலில் கூரை போனபோதும் இந்தப் பெட்டியைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு ஓடினாராம். வருஷம் ஒருபோகம்தான். தண்ணீர் கடைமடைக்கு வந்தால் நெல், வராவிட்டால் உளுந்து மட்டும்.

கிளம்பும்போது மடியில் ஒரு படி பச்சைப்பயறு கட்டிக் கொடுத்தார். படி என்பது என் சொல். அவர் டால்டா டின்னில் அளந்தார், மேலே குவித்து.

பிப்ரவரி 13, வியாழன்: மணலூர், திரும்பி வீடு

நாகையில் ராத்திரி இறால் வடை தின்றது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் இரண்டு இட்லியோடு கிளம்பினோம். திருவாரூரில் கமலாலயக் குளத்தைச் சுற்றி நல்ல வெயில். மணலூர் போகும் பஸ்ஸைத் தவறவிட்டு ஒன்றரை மணி நேரம் நின்றோம். காத்திருந்த கல்லூரிப் பெண்கள் பெரியம்மாவுக்குக் கல்மேடையில் துப்பட்டாவை மடித்துப் போட்டு உட்காரவைத்தார்கள்.

மணலூர் மணியம்மையின் பிறந்த பெயர் வாலாம்பாள். பிராமணக் குடும்பம், இளம் விதவை. மூலையில் உட்காரச் சொன்ன ஊரில் தலையைக் கிராப்பு வெட்டிக்கொண்டார். வேட்டியும் மேல்சட்டையும் போட்டுக்கொண்டார். சிலம்பம் கற்றார். காங்கிரஸில் தொடங்கிக் கம்யூனிஸ்ட் ஆனார். சேரிக்குள் போய்ப் பண்ணையாட்களைத் திரட்டினார், அவர்களுக்காகத் தன் சொந்தச் சாதிக்காரர்களோடு நேருக்கு நேர் நின்றார். சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்த காலம் அது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறு வருடம் பூந்தாழங்குடியில் கொம்புள்ள மான் ஒன்று முட்டி இறந்துபோனார்.

ஊரில் ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூட நடந்து வந்தார். தனக்கு அவரைத் தெரியாது, தன் அம்மா சொல்லிக் கேட்டதுதான் என்றார். "அளக்கற எடத்துல அந்தம்மா வந்து நின்னா, கை நடுங்குமாம் அளக்கறவனுக்கு."

பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

கும்பகோணம் வர ராத்திரி எட்டரை. பெரியம்மா காலைக் கழுவிக்கொண்டு நேராக வாசல் மாடத்துக்குப் போனார். கோலமாவுப் படியை எடுத்து வந்தார். மாவை ஒரு பேப்பரில் கொட்டினார், படியைத் தேய்த்துக் கழுவித் துடைத்தார். பிறகு ஸ்டூலைப் போடச் சொல்லிப் பரணிலிருந்து இன்னொரு படியை எடுக்கவைத்தார். பழைய துணியில் சுற்றியிருந்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். வாயும் வளையமும் ஒன்றுபோலவே இருந்தன. கையில் எடுத்தபோது கோலமாவுப் படியின் அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் கனமாக இருந்தது.

"அளந்து பாரு" என்றார்.

அந்த அக்கா கொடுத்த பச்சைப்பயறையே எடுத்தேன். கோலமாவுப் படியில் தலைதட்டி அளந்து, பரண்படியில் கொட்டினேன். இரண்டு விரற்கடை குறைந்தது.

"விரலை வச்சுப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் பெரியம்மா."

பயறை இரண்டாக்காமல் ஒரே டப்பாவில் போட்டு மூடினார். மாவை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினார். காலையில் ஐந்தரைக்கு எழுந்து பார்த்தேன். அந்த டப்பாவோடுதான் குனிந்திருந்தார்.